இரண்டு காந்தாரத்துக்கு நடுவே

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் திருடவில்லை. திருடியிருந்தாலாவது திருப்பிக் கொடுத்திருக்கலாம். நான் செய்தது வேறு. என் சிநேகிதர்கள் இரண்டு பேருக்கும் இதில் சமபங்கு உண்டு. அவர்கள் இல்லையென்று சாதித்தால் நம்பாதீர்கள்.

என் பெயர் ஐயம்பெருமாள் பிள்ளை, ஊர் ஆழ்வார்குறிச்சி. அம்பாசமுத்திரம் முன்சீப் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. ஒரு புள்ளி பிசகாமல் நகல் எடுப்பேன் என்று பெயர் வாங்கினவன். சங்கீதம் எனக்குப் பிழைப்பு அல்ல, பைத்தியம். அதே பைத்தியம் பிடித்த இன்னும் இரண்டு பேர் ஊரில் இருந்தார்கள். ஒருவர் தில்லைநாயகம், பள்ளிக்கூட வாத்தியார். நொடித்துப்போன நாடகக் கம்பெனி ஒன்றின் ஆர்மோனியப் பெட்டி அவரிடம் இருந்தது. மற்றவர் பூதலிங்கம், வக்கீல் குமாஸ்தா. பிடில் வாசிப்பார். வாசிப்பதைவிட, அடுத்தவன் பாட்டில் குற்றம் பார்ப்பதை நன்றாகச் செய்வார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு ஆனதும் தில்லைநாயகத்தின் பள்ளிக்கூடத்தில் கூடுவோம். அவரவர் கட்டின பாட்டை அவரவர் பாடிக் காட்டவேண்டும். மற்ற இருவரும் அதை நார் நாராகக் கிழிக்கவேண்டும். வருஷக் கடைசியில் எது கிழியாமல் மிஞ்சுகிறதோ, அதைச் சித்திரை முதல் நாள், விசுவன்று, பாபநாசம் படித்துறையில், சுவாமியும் உலகம்மையும் கல்யாணக் கோலத்தில் இருக்கும்போது மூன்று பேருமாகப் பாடுவோம். ஐந்து வருஷமாக மிஞ்சினது பூதலிங்கத்தின் பாட்டு. அடுத்த விசுவுக்கு என் பாட்டுதான் என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தேன்.

டில்லியில் தர்பார் நடந்த அந்த வருஷம் மார்கழியில், ஒரு சாயங்காலம், ரயிலை விட்டிறங்கி வரப்பு வழியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். பக்கத்து வயலில் ஒருத்தி குனிந்து தனியாகக் களை பறித்துக்கொண்டிருந்தாள். வாய் ஏதோ முனகிக்கொண்டிருந்தது. வார்த்தை கிடையாது, வெறும் முனகல். ஆனால் அதில் ஓர் இடம் வந்தது பாருங்கள்! மேலே ஏறி, காந்தாரத்தில், அதாவது சரிகமவின் 'க'வில், நின்று, கொஞ்சம் நடுங்கி, பிறகு தானாகக் குழைந்து இறங்கியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்த நோட்டை எடுத்து, மளமளவென்று சுரங்களை எழுதிக்கொண்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என்ன பாட்டு என்று நானும் கேட்கவில்லை. ஏதோ தாலாட்டு என்று நினைத்தேன். கோர்ட்டு குமாஸ்தா வயலில் இறங்கி ஒரு களைக்காரியிடம் பாட்டுக் கேட்பதா என்ற கொழுப்பும் இருந்தது. உள்ளதைத்தானே சொல்லவேண்டும்.

ஒரே வாரத்தில் அதற்குச் சாகித்தியம் பண்ணிவிட்டேன். 'உலகம்மை ஊஞ்சல் ஆடுகின்றாள்' என்று பல்லவி. அந்தக் காந்தாரம் வந்த இடத்தில் 'உலகம்மை' என்று நீட்டி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாடினேன். தில்லைநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். பூதலிங்கம் தொடையைத் தட்டிக்கொண்டே வந்தவர், அந்த இடத்தில் சடக்கென்று நிறுத்தினார்.

"நல்ல நீலாம்பரிவே. யாருகிட்ட கேட்டீரு?" என்றார்.

"நீலாம்பரியா? உமக்குக் காது அடைச்சிருக்கு. ஆனந்தபைரவிவே இது. கல்யாண ஊஞ்சலுக்கு அதத்தான வைப்பாவ?"

"காந்தாரம் மேல நிக்குவே. ஆனந்தபைரவில எங்கன மேல நிக்கும்?"

"கீழதான் நிக்கு. நான் பாடுதேன், எனக்குத் தெரியாதா?"

இரண்டு ராகத்துக்கும் சண்டையே அந்தக் காந்தாரத்தில்தான். உயர்த்திப் பிடித்தால் நீலாம்பரி, தாழ்த்திப் பிடித்தால் ஆனந்தபைரவி. இரண்டு ஞாயிற்றுக்கிழமை தொண்டை வற்றக் கத்தினோம். மூன்றாம் வாரம் தில்லைநாயகத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. பெட்டி சொல்லும்," என்று ஆர்மோனியத்தை இழுத்துப் போட்டார். ஒரு கட்டை சுருதி வைத்துக்கொண்டு என்னைப் பாடச் சொன்னார். அந்த இடம் வந்ததும் கறுப்புக் கட்டையை அழுத்தினார். ஒட்டவில்லை. அதற்கு மேலேயுள்ள வெள்ளையை அழுத்தினார். அதுவும் ஒட்டவில்லை. மறுபடி கறுப்பு, மறுபடி வெள்ளை. பிறகு துருத்தியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"நீரு பாடுத சுரம் இந்தப் பெட்டிக்குள்ள இல்லவே. ரெண்டுக்கும் நடுவ எங்கனயோ கெடக்கு."

"நடுவ கெடந்தா அதுக்கு அபசுரம்னு பேரு," என்றார் பூதலிங்கம். "சாமி கல்யாணத்துல அபசுரம் பாடுவீரா? ஒண்ணு ஏத்தும், இல்ல இறக்கும். ரெண்டுங்கெட்டானா வைக்காதயும்."

ஏற்றினால் அவர் சொன்ன நீலாம்பரி ஆகிவிடும். செத்தாலும் விடுவேனா? இறக்கினேன். ஆர்மோனியத்தின் கறுப்புக் கட்டையோடு சேர்த்து இரண்டு மாதம் சாதகம் பண்ணினேன். முதலில் தொண்டை முரண்டு பிடித்தது, போகப்போகப் படிந்துவிட்டது. பங்குனி பிறக்கும்போது, அச்சில் வார்த்த மாதிரி ஆனந்தபைரவி. பூதலிங்கமே தோற்றுப்போனேன் என்று ஒத்துக்கொண்டார்.

விசுவன்று பாபநாசத்தில் ஊசி விழ இடமில்லை. ஆற்றில் குளித்து ஈரத்துணியோடு நின்ற ஜனம் என் பாட்டைக் கேட்டுச் சொக்கிப்போய்விட்டது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று மூன்று தடவை பாடவைத்தார்கள். ஒரு மாதத்துக்குள் அது அம்பாசமுத்திரம் வரை பரவிவிட்டது. பெண்கள் கும்மி அடித்தார்கள், கல்யாண வீடுகளில் ஊஞ்சலுக்குப் பாடினார்கள், தண்ணீர்த் துறையில் பாடினார்கள். கேட்கும்போதெல்லாம் என் கை மீசையை முறுக்கும். என் வீட்டுக்காரி பிரம்மநாயகிகூட, "பாட்டு நல்லாத்தான் இருக்கு, தலைக்கனந்தான் தாங்கல," என்றாள்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று பேரும் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். வாசலுக்கு வெளியே, வெயிலில், ஒருத்தி வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

"அய்யா, அந்த ஊஞ்சப் பாட்டக் கட்டுன அய்யா யாரு?"

"நான்தான்," என்றேன், சால்வையைச் சரிசெய்துகொண்டு. பாராட்ட வந்திருக்கிறாள் என்று எண்ணம்!

"நான் ஆறுமுகத்தாய்யா. களைபறிக்கு வருவேன். அது எம் பிள்ளைக்கு நான் அழுத அழுகைய்யா."

தில்லைநாயகத்தின் கை துருத்தியில் அப்படியே நின்றுவிட்டது.

"என்னத்த ஒளறுத?" என்றேன்.

"ஐப்பசில பேதி வந்து போயிட்டாய்யா. ஏழு வயசு. இசக்கின்னு பேரு. பதினாறு கழிஞ்ச பொறவு வீட்டுல அழப்பிடாதுன்னுட்டாவ. வயல்ல நிக்கும்போதுதான் வாய்க்குள்ளயே அழுவேன். நீங்க உலகம்மைன்னு இழுக்கிய பாருங்க, அங்கனதான்யா அவளப் பேரு சொல்லிக் கூப்புடுவேன்."

"அட எளவே!" என்று எழுந்துவிட்டார் பூதலிங்கம். "சாமி கல்யாணத்துல ஒப்பாரியவா பாடினோம்? மூணு தடவயா பாடினோம்?"

தில்லைநாயகம் சிவசிவா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குக் காதெல்லாம் அடைத்துவிட்டது. எத்தனை கல்யாண வீடு! எத்தனை ஊஞ்சல்! அத்தனையிலும் ஒரு பிணத்தின் தலைமாட்டில் அழுத அழுகை. ஊருக்குத் தெரிந்தால் என்னை என்ன செய்வார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் முதலில் அதைத்தான் நினைத்தேன். பயத்தில் கோபம் வந்தது.

"அப்பமே வந்து சொல்லுததுக்கு என்ன கொள்ளை? இப்பம் வந்து நின்னா?" என்று கத்தினேன்.

அவள் கத்தவில்லை. "நான் சண்டைக்கு வரலய்யா. சாமிக்குத்தான பாடுதிய, பாடுங்க. எனக்கு வேற ஒண்ணு வேணும்," என்றாள். "எனக்கு இப்பம் அது வரமாட்டேங்கு."

"எது?"

"எம் பிள்ளயக் கூப்புடுத எடம். போற வார எடமெல்லாம் உங்க பாட்டுத்தான் கேக்கு. நான் அழணும்னு வாயத் தொறந்தா, அந்த எடத்துல ஊஞ்சப் பாட்டு வந்து நிக்கு. முன்ன அங்கன வரும்போது அவ மொகம் அப்படியே தெரியும்யா. ஒரு மாசமாத் தெரியல. நீங்க ஒருக்கா எங்கிட்டருந்துதான கேட்டிருப்பிய? அன்னைக்குக் கேட்டபடி பைய ஒருக்கா பாடுங்க. நான் புடிச்சிக்கிட்டுப் போயிருதேன்."

இவ்வளவுதான் அவள் கேட்டது. ஒரே ஒரு சுரம். கோர்ட்டில் முந்நூறு பக்கத்தை ஒரு புள்ளி மாறாமல் திருப்பிக் கொடுக்கிறவனிடம் ஒரு சுரத்தைக் கேட்டாள்.

பாடினேன். கறுப்புக் கட்டைதான் வந்தது. அவள் தலையை ஆட்டினாள். மறுபடி பாடினேன். அதே கறுப்புக் கட்டை. கொஞ்சம் உயர்த்தினேன், நேரே வெள்ளைக்குத் தாவிவிட்டது. நோட்டைப் புரட்டினேன். அந்த இடத்தில் 'க' என்று எழுதியிருந்தது. எந்தக் காந்தாரமாக இருந்தாலும் 'க' என்றுதானே எழுதுவோம்? இரண்டு மாதம் பாடுபட்டு அதை என் தொண்டையிலிருந்து நானே துரத்தியிருக்கிறேன். என் தொண்டையோடு போயிருந்தால் பரவாயில்லை, அவள் தொண்டையிலிருந்தும் துரத்திவிட்டேன்.

"தள்ளும்வே," என்று பூதலிங்கம் பிடிலை எடுத்தார். "பெட்டியில இல்லாட்டா என்ன, கம்பியில இருக்கும்லா? ஏ தாயி, நீ உள்ள வந்து உக்காரு. நான் மேலருந்து பைய எறங்குதேன். எங்கன வருதோ அங்கன சொல்லு."

அவள் உள்ளே வந்து, பையன்கள் உட்காரும் பலகையில் உட்காராமல், தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவர் நீலாம்பரிக் காந்தாரத்தில் விரலை வைத்து வில்லை இழுத்தார்.

"இல்லய்யா."

விரலை ஒரு நெல்லளவு இறக்கினார்.

"இல்ல."

இன்னும் ஒரு நெல்லளவு. அந்த இடத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுதான்! அந்த வரப்பு, கக்கத்தில் இடுக்கின குடை, அந்த நடுக்கம், எல்லாம் திரும்பி வந்தது. உடம்பெல்லாம் அதே மயிர்க்கூச்சு. தில்லைநாயகத்தைப் பார்த்தேன். அவரும் கண்ணை அகல விரித்துக்கொண்டு தலையை ஆட்டினார். பெட்டியில் இல்லாத சுரம் என்று அவர் சொன்னாரே, அதேதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"இல்லய்யா," என்றாள் ஆறுமுகத்தாய். "இன்னும் கீழ."

பூதலிங்கத்துக்கும் தெரிந்துவிட்டது. அவர் விரல் அங்கேயே நின்றது. வில்லை இன்னொரு தடவை நீளமாக இழுத்தார். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "இது யாரு அழுகையோ. எனக்குள்ளது இல்ல," என்றாள்.

வேறு வழியில்லாமல் அவர் விரல் இறங்கியது. இறங்கி இறங்கி, கறுப்புக் கட்டையின் சுரத்துக்கு வந்தது. ஆனந்தபைரவி. நான் இறக்கி வைத்த காந்தாரம்.

"இதுதான்!" என்று அவள் கூவினாள். "இதுதான்யா, இதுதான்!"

கண்ணைத் திறக்கவேயில்லை. கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. பிடிலோடு சேர்ந்து, "இசக்கீ" என்று நீட்டிக் கூப்பிட்டாள். தில்லைநாயகம் தம்மையறியாமல் ஆர்மோனியத்தின் கறுப்புக் கட்டையை அழுத்தினார். மூன்றும் ஒரே சத்தமாக ஒட்டிக்கொண்டன.

"மொகம் தெரியுதாம்மா?" என்று கேட்டார் பூதலிங்கம்.

"தெரியுதுய்யா. நல்லாத் தெரியுது. சிரிக்கா." அவள் தரையில் நெற்றி பட விழுந்து எங்களைக் கும்பிட்டாள். "மறந்திரப்பிடாது, சொல்லிக்கிட்டே போயிருதேன்," என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போனாள்.

தில்லைநாயகம் துள்ளி எழுந்தார். "சொல்லணும்வே! அது அவளுக்குள்ளது இல்லன்னு சொல்லணும்வே!"

அவர் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தேன். "என்னத்தவே சொல்லப் போறீரு? யாருகிட்டவே சொல்லப் போறீரு?" என்றேன்.

வெளியே, வெயிலில், என்னுடைய காந்தாரத்தில் அவள் தன் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டே போனாள்.