முதலில் ஒரு நல்லது

எங்கள் எழுத்து வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. கதையை வாசித்தவர் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு நல்லது, ஒரு குறை சொல்லி முடிக்கும்வரை உம்மென்று உட்கார்ந்திருக்க வேண்டும். சட்டம் போட்ட டீச்சருக்குப் புகுந்த வீடு என்று ஒன்று இருந்திருக்காது.

எனக்கு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. சனிக்கிழமை மதியமாவது நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் நூலகத்து மாடியில் நடக்கும் இந்த வகுப்பில் சேர்ந்தேன். அது பொறுக்குமா என் ஓரகத்திக்கு? கொழுந்தன் பெண்டாட்டி அவள். வீட்டிலிருந்தே போனில் இன்சூரன்ஸ் விற்பவள். இரண்டே வாரத்தில் அவளும் வந்து எதிர்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். நான் என்ன எழுதுகிறேன் என்று வேவு பார்க்கத்தான். உறவு என்று இருவருமே யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. அவள் என்னை "மேடம்" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று நான் வாசித்தது எங்கள் மாமனார் கதை. மறதி நோய்க்காரர், தனியே வெளியே விடக் கூடாதவர். நான் வேலைக்குக் கிளம்பிய ஒரு காலையில் வெளியே போய், சாலையில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, படுத்த படுக்கையாகி, போய்ச் சேர்ந்தார். நான் குளியலறைக் கதவைத் தட்டி, உள்ளே இருந்த ஓரகத்தியிடம், "கிளம்பறேன், மாமாவைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். குளித்துக்கொண்டிருந்தேன், தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை என்று அவள் அழுதாள். பழி என் தலையில் விடிந்தது. "எங்கப்பாவைக் கொன்னவ நீ" என்று என் கணவர் ஒருமுறை சொன்னார். அதன் பிறகு என்னிடம் பேசுவதே உப்பு இருக்கிறதா, சாவி எங்கே என்ற அளவில்தான். அந்த ஒரு சொல்லை அவர் தன் வாயாலேயே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

கதையில் பெயர், ஊர் எல்லாம் மாற்றியிருந்தேன். பெரியவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பூனைபோல் நழுவி வெளியே போகிறார். அப்படித்தான் நடந்திருக்கும் என்று நானும் நம்பியிருந்தேன்.

மீட்டர் ரீடிங் எடுக்கும் அண்ணன் முதலில் பேசினார். "நல்லது, சீக்கிரம் முடிஞ்சிருச்சு. குறை, பேய் இல்ல." சிரித்தார்கள்.

அடுத்து ஓரகத்தி. தாளில் சிவப்பு மையால் கோடு கோடாக இழுத்திருந்தாள்.

"நல்லது ஒண்ணும் தோணலை டீச்சர். குறையிலேருந்தே ஆரம்பிக்கிறேன். தன் தப்பை அடுத்தவ தலையில கட்டறதுக்குன்னே எழுதின கதை இது. மூத்த மருமக தியாகி, சின்னவ பிசாசா?"

"கதையப் பத்திப் பேசுங்கம்மா" என்றார் டீச்சர்.

"கதையைத்தான் பேசறேன். மேடத்துக்கு மனுஷங்களைப் பாக்கவே தெரியலை. ஊசி குத்தறதுக்கு நரம்பு தேடற மாதிரியே எல்லாரையும் பாக்கறாங்க."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். சட்டம்!

"அந்தப் பெரியவரையே எடுத்துக்கங்க" என்றாள். குரல் ஏறிக்கொண்டே போனது. "செருப்பைக் கையில தூக்கிட்டுத் திருடன் மாதிரி போவாராம். சுத்தப் பொய். அவர் அப்படிப் போற ஆளே இல்ல. எவ்வளவு மறந்தாலும் மரியாதை மறக்கலை அவருக்கு. அன்னிக்கும் வாசல்ல நின்னு, 'போயிட்டு வரேம்மா'ன்னு சொல்லிட்டுத்தான் போனார்."



"கதையில அப்படி வரலையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மீட்டர் அண்ணன் வெள்ளந்தியாகக் கேட்டார்.

அவள் முகம் வெளுத்தது. என்னைப் பார்த்தாள். "அக்கா..." என்றாள்.

டீச்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "நீங்க இப்ப பேசலாம்" என்றார்.

எவ்வளவோ பேசியிருக்கலாம். அத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் கேட்க ஒன்றுதான் வந்தது.

"போயிட்டு வரேன்னு மாமா சொன்னப்ப நீ என்ன சொன்னே?"

"போன்ல இருந்தேன்கா. ஒரு பாலிசி வித்து முடியற நேரம். திரும்பிக்கூடப் பாக்கலை." தாளைக் கசக்கினாள். "சரி மாமான்னேன்."

அவள் அழுதாள். எனக்கு இரக்கம் துளியும் வரவில்லை. தண்ணீர்ச் சத்தமாம்!  ஆனால் அந்த ஆத்திரத்துக்கு நடுவிலும் மாமா வாசலில் நிற்பது தெரிந்தது. எங்களிடமிருந்து தப்பித்து ஓடவில்லை அவர். சொல்லிக்கொண்டு, உத்தரவு வாங்கிக்கொண்டுதான் போயிருக்கிறார்.

செருப்பைக் கையில் எடுக்கும் வரியை அடித்துவிட்டு, என் தாளை அவள் முன்னால் வைத்தேன்.

"உன் திருத்தம் சரி. நீயே உன் கையால எழுது" என்றேன். "எழுதிட்டுக் கிளம்பு. என் வீட்டுக்காரர் இப்ப வீட்டுலதான் இருப்பார். நீதான் வாசிக்கணும். நான் வாயைத் திறக்க மாட்டேன்."