பனித்தீவில் இருபத்தேழு வரப்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வடதுருவக் கடலில் கிடக்கும் ஆளில்லாத் தீவு ஒன்றின் பூகோளத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். 'தீவின் நீளம் ஒன்பது மைல். நடுவில் பனி மூடிய மலை. கோடையில் கரையோரம் கல்லும் பாசியும் கடற்பறவைகளும்' என்று மூன்று வரி ஓடியது. நான்காவது வரியில், வந்தவரை வாங்க என்று சொல்ல அங்கே நாதியில்லை என்பது உறைத்தது. எனக்கோ பேச ஆளில்லாமல் கதை நகராது. ஆகவே தீவைச் சுருட்டிக் கொல்லிமலைக்குக் கொண்டுபோனேன். ஆண்டு 1936 என்று வைத்துக்கொள்வோம்.

2

முதல் தொடக்கம்: 'மேகம் தவழும் மலையில் அந்தி சாய்ந்தபோது...' அடித்துவிட்டேன். மேகத்துக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

இரண்டாவது: வளப்பூர் நாட்டுச் சென்றாயனுக்கு முப்பது வயது, ஒரு சரிவு நிலம், அத்தாயி மேல் ஆசை. மூன்றில் ஆசைதான் நன்றாக விளைந்திருந்தது. அத்தாயியின் அப்பா கருப்பண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். "வரப்பில்லாத காட்டுக்கு எம்பொண்ணு வரமாட்டா."

அடிவாரத்து மிளகு வியாபாரி அப்துல் கரீம் சென்றாயனுக்கு வரமிளகாய் மடித்துக் கொடுத்த தாளில் என் தீவு இருந்தது. பழைய பூகோளப் புத்தகத்தின் கிழிந்த பக்கம். கோட்டுக்குள் கோடு, அதற்குள் இன்னொரு கோடு. உயரத்தைக் காட்டும் கோடுகள் அவை. (இது நமக்குள் இருக்கட்டும்.) மலையைப் படிப்படியாக வெட்டிச் சாமை விதைப்பதைப் பார்த்தே வளர்ந்த சென்றாயனுக்கு அவை வரப்புகள். எண்ணிப் பார்த்தான். இருபத்தேழு.

3

நேராகக் கருப்பண்ணன் வீட்டுக்குப் போனான். "இந்த மாதிரிதானுங்க மாமா எங்காட்டையும் வெட்டப்போறேன்."

கருப்பண்ணன் தாளை விரலால் தடவினார். "இங்க கோடு நெருங்கியிருக்குது. செங்குத்து. கல்லு வரப்புதான் நிக்கும். இந்தப் பக்கம் அகலம், சாமை போடலாம்." (எழுத்தறியாத மனிதர் சரியாகப் படித்துவிட்டார். எனக்கே பொறாமை.)

மிளகு எடுக்க வந்திருந்த கரீமிடம் தாளை நீட்டினார். "என்ன எழுதியிருக்குதுங்க பாய்?"

கரீம் எழுத்துக் கூட்டி வாசித்தார். "வடகோடியில, கடல் நடுவுல ஒரு தீவு. மலைமேல வருஷமெல்லாம் பனி. மனுஷ நடமாட்டமே இல்லைன்னு போட்டிருக்குது கவுண்டரே."

ஆள் தங்காத காட்டைக் காட்டியா பெண் கேட்டோம் என்று சென்றாயன் நொந்துபோனான்.

(இந்த இடத்தில் கரீம் கோடுகளின் பொருளை விளக்குவதாக ஒரு பத்தி எழுதினேன். கதை செத்துப்போனது. எடுத்துவிட்டேன். பாய்க்கு மிளகின் தரம் தெரியும், அது போதும்.)

கருப்பண்ணன் தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். "பாவம்," என்றார். "இம்புட்டு வரப்புப் போட்டவனுக்கு ஒருத்தனும் பொண்ணு குடுக்கல போலிருக்குது. ஒண்டியா எத்தனை நாளைக்குக் கெடப்பான்? உட்டுட்டுப் போயிட்டான்."

4

முடிவு ஒன்று: கல்யாணம், மேளம், பலாச்சுளை. சுலபமாக வந்தது, அதனாலேயே சந்தேகம். முடிவு இரண்டு: 'கருப்பண்ணன் தாளைக் கசக்கி...' எழுத மனம் வரவில்லை. சென்றாயனை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

இதற்குள், நான் ஒரு வார்த்தைகூடப் பேசவிடாத அத்தாயி, மூலையில் கிடந்த மண்வெட்டியோடு வந்து நின்றாள். நான் கூப்பிடவில்லை, சத்தியமாக.

"ஏனுங்க," என்றாள் சென்றாயனிடம். "மேலருந்து வெட்டறதா, கீழருந்தா?"

சென்றாயன் மாமாவின் முகத்தைப் பார்த்தான். கரீமும் பார்த்தார். பேனாவை மூடிவிட்டு நானும் பார்க்கிறேன். கருப்பண்ணன் தொண்டையைச் செருமுகிறார். பனிக்காட்டில் இருபத்தேழு வரப்புப் போட்டவனுக்குத்தான் கேட்ட பெண் கிடைக்கவில்லை. இவனுக்கு என்ன சொல்வது? பெண்ணைப் பெற்றவர் நீங்கள்தான் என்று வைத்துக்கொண்டு, சொல்லுங்கள்.