பெரியவரின் நடை

அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறக்குமுன் அத்தை செய்த முதல் காரியம், கையில் பிளாஸ்டிக் கரண்டியோடு கூடத்தின் குறுக்கே நடந்துகொண்டிருந்த பெரியவரை அப்படியே தூக்கிப் பாயில் உட்கார வைத்ததுதான். "உக்காருங்கய்யா, உக்காருங்க. ஆங்... சமத்து" என்று தலையைத் தடவினாள். பெரியவர் மறுப்பேதும் சொல்லவில்லை. ஒன்றரை வயதை எட்டாதவருக்கு அந்தப் பெயர் வந்ததே இந்த நிதானத்தால்தான். மற்ற பிள்ளைகள் ஒரு பொம்மைக்கு மயிரைப் பிடித்துக்கொண்டு உருளும்போதும் அவர் மட்டும் தள்ளி நின்று, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் போலப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அத்தை என்பது பிள்ளைகள் அவளைக் கூப்பிடும் பெயர். இப்போது தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. முன்கூடமும் பக்கத்து அறையும், வேலைக்குப் போகிறவர்கள் பகலில் அவளிடம் விட்டுப்போகும் பிள்ளைகளுக்கு. மேசை முனைகளிலெல்லாம் பழைய துணி சுற்றியிருக்கும். சோபாவைக் கொடுத்தாகிவிட்டது, அது இருந்த இடத்தில் பாய்கள். உள்ளறை மட்டும் புருஷனுக்கு. இரவு முழுக்க ஆலையில் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர் அவர். "மாமா தூங்குறாரு, மெதுவா" என்று நாளெல்லாம் சொல்லிச் சொல்லி அவளுடைய குரலே கம்மிப்போய்விட்டது. காலையில் முதல் பிள்ளை வந்து, இருட்டும்போது கடைசிப் பிள்ளை போகும்வரை அது அவர்கள் வீடு இல்லை. போன பிறகும் பெரிதாக ஒன்றும் மிச்சமிருப்பதில்லை.

இந்தத் தொழிலில் அத்தைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பிள்ளைகள் முதன்முதலாகச் செய்கிற எதையும் பெற்றவர்களிடம் சொல்லமாட்டாள். ஆரம்பித்த புதிதில் ஒரு குழந்தை வாய் திறந்து முதல் வார்த்தை பேசியது. சந்தோஷம் தாளாமல் வாசலுக்கே ஓடிப்போய் அதன் அம்மாவிடம் சொன்னாள். "அப்படியா" என்றாள் அவள். அந்த முகம் சுண்டிப்போனதை அத்தையால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அந்த மாதத்தோடு குழந்தையும் வரவில்லை. அதிலிருந்து, பல் முளைத்தால்கூட, "ஈறு தடிச்ச மாதிரி இருக்கு, வீட்டுல போய்ப் பாரும்மா" என்பதோடு சரி. மறுநாள் அவர்கள் வாயெல்லாம் பல்லாக வந்து சொல்லும்போது, "அட, நெஜமாவா!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொள்வாள். அந்த நடிப்புக்குப் பரிசு கொடுப்பதானால் வைக்க அலமாரி பத்தாது.

பெரியவர் முதன்முதலாக நடந்தபோதும் அதே கணக்குதான் போட்டாள். ஒரு மத்தியானம், கரண்டியைப் பிடித்தபடி, சுவரை விட்டு அவளை நோக்கி நேராக வந்தார். நாலு நாளில் வீட்டிலும் நடப்பார், அவருடைய அம்மாவுக்கு அதுவே முதல் முறையாக இருக்கட்டும் என்று நினைத்தாள். அதுவரை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று, எவர் மணி அடித்தாலும், அவருடைய அம்மா வரும்போது தவறாமல், அவரைப் பாயில் உட்கார வைத்து மெச்சினாள். நாட்கள் போய் வாரங்களும் போயின. வீட்டிலிருந்து எந்தச் சேதியும் வரவில்லை.

கதவைத் திறந்தாள். பெரியவரின் அம்மாதான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாளெல்லாம் நின்றபடி வேலை. வந்ததும் குனிந்து பிள்ளையை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இன்னைக்கு நின்னானாக்கா?"

"நிப்பான்மா. நீ வீட்டுல கொஞ்சம் தரையில விட்டுப் பாரு. எப்பவும் தூக்கிவச்சிட்டே இருந்தா எப்படி?"

"விட்டுப் பாத்துட்டேங்கா. நான் எதிர்ல போனாப் போதும், பொத்துனு உக்காந்துக்கிறான்." அவள் பிள்ளையின் பாதத்தை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டாள். "டாக்டர்கிட்ட போயிருந்தோம். முதுகுத்தண்டுல ஏதாவது இருக்கலாமாம். திங்கக்கிழம ஸ்கேன். ஆடாம இருக்கணும்னு மயக்க மருந்து குடுத்துத்தான் எடுப்பாங்களாம். ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லக்கா."

சொல்லிவிடலாம் என்று அத்தை வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னாலிருந்து வாயாடி முந்திக்கொண்டாள். நாலு வயதுக்காரி, உள்ளதை உள்ளபடி ஊருக்கே ஒலிபரப்புகிறவள்.

"பெரியவர் நடப்பாரே! சமையல்கட்டு வரைக்கும் போவாரே!"

அம்மாக்காரி நிமிர்ந்தாள். "என்னக்கா சொல்றா இவ?"

"அவ கெடக்கா. வாயைத் தொறந்தாலே பொய்யி. நேத்து வீட்டுக்குள்ள யானை வந்துச்சுன்னா." எங்கிருந்து வந்ததோ அந்த யானை. அத்தைக்கே தெரியவில்லை.

வாயாடி அத்தையை ஏறிட்டுப் பார்த்தாள். அன்று வீட்டுக்குப் போகும்வரை அவள் பேசவேயில்லை. அந்த வீட்டில் அப்படியொரு அமைதி அதுவரை இருந்ததில்லை.

வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் புருஷன் டீயை ஆற்றிக்கொண்டே அவள் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"இத்தன நாளா ஏன் மறச்சேன்னு கேப்பாளே. என்ன பதில் சொல்றது?"

"அதுக்காகப் பச்சப் புள்ளைக்கு மயக்க மருந்து குடுக்க விடுவியா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அத்தை பாய்களை உதறிச் சுருட்டினாள். பெரியவரின் கரண்டி கீழே விழுந்தது. பெற்றவளுக்காகத்தான் மறைத்தோம் என்று இத்தனை காலம் நம்பியிருந்தாள். அது முழு உண்மை இல்லை என்பது அந்தக் கரண்டியைக் கையில் எடுத்தபோது தெரிந்தது. பெரியவர் சுவரை விட்டு நடந்து வந்து அவள் மடியில் விழுந்த அந்த மத்தியானம் அவளுடையது. யாருக்கும் அதைக் கொடுக்க அவளுக்கு மனசில்லை. வெட்கமாக இருந்தது. நாளைக்குச் சாயங்காலம் எப்படியும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள்.

சாயங்காலம்வரை காலம் காத்திருக்கவில்லை. மறுநாள் மத்தியானச் சோறு ஊட்டும் நேரம். ஒரு கையில் கிண்ணம், மடியில் வாய் நிறையச் சோற்றோடு ஒரு சின்னது. வெளிச்சம் மறைந்ததுபோல இருக்கவே அத்தை நிமிர்ந்து பார்த்தாள். கதவுக்குப் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே பெரியவரின் அம்மா நின்றிருந்தாள். வேலைக்குப் போடும் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல், பாதி நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். வாயாடி சொன்னது அவளை ராத்திரி முழுக்கச் சும்மா விட்டிருக்காது.

அவள் அத்தையைப் பார்க்கவில்லை. கூடத்தில் பெரியவர் கரண்டியைப் பிடித்தபடி சமையல்கட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். பழக்கப்பட்ட நடை. வழியில் கிடந்த பந்தைச் சுற்றிக்கொண்டு போனார், சமையல்கட்டு வாசல்படிக்கு வந்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவளுடைய முகம் மலர்ந்தது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், கண்ணில் நீர் தளும்பியது. அந்தச் சந்தோஷத்தில் கொஞ்ச நேரத்துக்கு வேறெந்த நினைப்பும் இல்லை. அந்தக் கொஞ்ச நேரம் நீடிக்கட்டும் என்று அத்தை அசையாமல் இருந்தாள்.

பிறகு, மகன்மேல் வைத்த கண்ணை எடுக்காமலே, அவள் கையை நீட்டி மணியை அடித்தாள்.

பெரியவர் நின்றார். யாரும் அவரைத் தூக்க வரவில்லை. அவரே திரும்பி, நேராகப் பாய்க்கு நடந்து வந்தார். நடுப்பாயில் நின்று, சுற்றித் திரும்பி, கையை ஊன்றி உட்கார்ந்தார். கரண்டியை மடியில் வைத்துக்கொண்டார். தலையை நிமிர்த்தி, வழக்கமாகக் கிடைக்கும் ‘சமத்து’ என்ற மெச்சலுக்காக அத்தையின் முகத்தைப் பார்த்தார்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த வாயாடியும் பார்த்தாள். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

மணி மறுபடியும் அடித்தது, இந்த முறை விடாமல். ஏற்கெனவே உட்கார்ந்திருந்த பெரியவர், கால்களை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார்.