வலது கன்னத்து மின்னல்

ரயில் நிலையத்தில் வண்டிகளின் வருகையை ஒலிபெருக்கியில் அறிவிப்பவளை எல்லோரும் குயில் என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு வருடமாகக் குயிலுக்கு வாயைத் திறப்பதே வம்பாகிவிட்டது. பேசினால், பல் துலக்கினால், முகம் துடைத்தால், மின்விசிறிக் காற்று பட்டால்கூட வலது கன்னத்தில் மின்னல் வெட்டும். பல்வலி என்று நினைத்து இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியதுதான் மிச்சம். கடைசியில் ஒரு டாக்டர் ஓபியம் வகை வலிமாத்திரை எழுதிக்கொடுத்தார். வலி போகவில்லை, பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி தள்ளிக் கேட்டது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்கானது.

ஒரு மதியம் மாத்திரை மயக்கத்தில் கண் செருகிய நேரத்தில், மூன்றாம் நடைமேடைக்கு வரும் வண்டியை ஐந்து என்று அறிவித்துவிட்டாள். கூட்டம் மூட்டை முடிச்சோடு படியேறி ஓடியது. மகளைச் சக்கர நாற்காலியில் தள்ளிவந்த ஒருவர் பாதி வழியில் திகைத்து நிற்க, வண்டி மூன்றில் வந்து கிளம்பியே போய்விட்டது.

அன்றே மாத்திரைகளைக் குப்பையில் கொட்டினாள்.

மறுநாளே உடம்பு பழிவாங்கியது. கொட்டாவி, வியர்வை, வயிற்றுப்போக்கு. சமையலறைக்கும் வாசலுக்குமாகக் குட்டி போட்ட பூனை போல அலைந்தாள். இடையிடையே மின்னல் வேறு.

“கொஞ்ச நேரம் ஒரு இடத்துல உக்காரேன்,” என்றான் கணவன்.

“உக்காந்தா தோலுக்குள்ள எறும்பு ஊருதுங்க. எனக்கும் சேர்த்து நீங்களே உக்காருங்க.”

அவன் செருப்பை மாட்டினான். “வா, டாக்டர்கிட்ட நடந்தே போவோம். எப்படியும் நடக்கத்தானே செய்யற.”

நரம்பு டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். “திடீர்னு நிறுத்தக் கூடாதும்மா. உங்களைத் திட்டல, யாரும் உங்களுக்குச் சொல்லல. இது முகத்து நரம்பு வலி. இதுக்குன்னே வேற மாத்திரை இருக்கு. அதை மெதுவா ஏத்துவோம், பழசை மெதுவா இறக்குவோம்.”

“வலி போயிடுமா?”

“குறையும்னு நினைக்கறேன். குறையலன்னா ஆபரேஷன் பத்திப் பேசலாம்.”

பழசை இறக்க ஐந்து மாதமானது. “இன்னைக்கு மட்டும் ஒண்ணு கூடக் குடுங்க” என்று கணவனிடம் கெஞ்சினாள். மாத்திரை டப்பாவை அவன் ஒளித்து வைத்த அன்று தட்டை வீசி உடைத்தாள். அவன் சில்லுகளைக் கூட்டி அள்ளினான்.

புது மாத்திரையில் தலை சுற்றியது. ஆனால் நாளுக்கு நாற்பது மின்னல் வெட்டியது நான்கைந்தாகக் குறைந்தது. அடுத்தது எப்போது என்ற பதைப்பு மட்டும் போகவில்லை. வேலைக்குத் திரும்பிய பிறகும் மேசைக்கடியில் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

ஒரு காலை, துணிந்து குளிர்ந்த தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. சொட்டச் சொட்டக் கணவன் முன் போய் நின்றாள்.

“துடைச்சுக்கோயேன்.”

“அதுக்கு இன்னும் தைரியம் வரலைங்க,” என்றாள்.