மூடியில் இருந்தது

கைக்கடிகாரத்தின் பின்மூடிக்கும் உடலுக்கும் நடுவே நகம்கூட நுழையாத ஒரு இடுக்கு இருந்தது. அதற்குள் பழம் வெட்டும் கத்தியின் முனையைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினான். மூடி எகிறிச் சாப்பாட்டு மேசையின் மறுகோடிக்குப் போய்ச் சுழன்று விழுந்தது. அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வாரம் முழுவதும் ஊரார் கட்டடங்களில் லிஃப்டுகளைப் பழுதுபார்ப்பவன். விடுமுறை நாளில் சும்மா உட்காரச் சொன்னால் கை அரிக்கும். வீட்டில் எது நின்றாலும், ஒழுகினாலும், முனகினாலும் வெளியாள் கை பட விடமாட்டான். உங்க அப்பாவையும் என்னையும் மட்டும்தான் நீங்க இன்னும் கழட்டிப் பாக்கல என்று அவன் மனைவி அக்கம்பக்கத்தார் முன்னாலேயே சொல்லிச் சிரிப்பாள். அவனும் சேர்ந்து சிரிப்பான். அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கடிகாரம் அவளுடையது. அவள் வேலை செய்யும் தையல் கூடத்தில் செல்போனை வாசலிலேயே வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். சாப்பாட்டு நேரம் முடிந்து திரும்புகிறவர்களுக்குக் கதவு கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும். அதைத் தவறவிட்டால் மேற்பார்வையாளர் முன்னால் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். அந்த வாரம் அவள் இரண்டு தடவை அப்படி நின்றாள். கடிகாரம் நின்றிருந்தால்கூட அவள் யாரிடமாவது நேரம் கேட்டிருப்பாள். அது நிற்கவில்லை, ஓடிக்கொண்டே பின்தங்கியது. ஓடுகிற கடிகாரத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

பேட்டரிதான், ஒரு நிமிஷ வேலை என்று அவன் சொல்லியிருந்தான். பழைய பேட்டரியை நெம்பி எடுத்து மேசை விரிப்பின் மேல் போட்டான். புதியதை உறையிலிருந்து பிரித்தான். உருண்டு ஓடிவிடக் கூடாதே என்று பக்கத்தில் இருந்த தகர மூடியில் அதை வைத்தான். சின்னச் சாமான் எதுவானாலும் ஒரு மூடியில் போட்டு வை என்பது அவன் தொழிலில் முதல் பாடம். லிஃப்டின் கூரைமேல் குந்தி வேலை செய்பவன் ஒரு திருகாணியைத் தவறவிட்டால் அது பத்து மாடிக்குக் கீழே போய் விழும்.

அந்த மூடி எதற்கானது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. காலியான ஜாம் பாட்டிலின் மூடி அது. அவன் அப்பாவின் காலை மாத்திரைகளை அதில்தான் போட்டுக் கொடுப்பார்கள். மனைவி அதைக் கழுவித் துடைத்துத் தயாராக வைத்திருந்தாள். ஒரு நிமிஷம்தானே என்று நினைத்தான்.

அந்த நேரம் பார்த்துச் செல்போன் அடித்தது. அன்றைக்குப் பணியிலிருந்த சக ஊழியர். ஏதோ ஒரு கட்டடத்தில் இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் மாட்டிக்கொண்டு, உள்ளே ஒரு அம்மா அழுதுகொண்டிருந்தாள். பிரேக்கை எப்படி விடுவிப்பது, எந்தப் பக்கம் சுற்றுவது என்று அவன் ஜன்னலோரம் நின்று சொல்லிக்கொண்டிருந்தான். மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். அடுப்பில் பால் இருந்தது. அவள் கண் அடுப்பின் மேலும் கை மேசையின் மேலுமாக, அட்டைகளிலிருந்து மாத்திரைகளைப் பிதுக்கி மூடியில் போட்டாள். அடியில் எதுவோ பளபளத்தது. கிழிந்த வெள்ளித்தாள் என்று நினைத்திருப்பாள், அல்லது எதையும் நினைத்திருக்கமாட்டாள். கொடுத்துவிடுங்கள் என்று அவனுக்குச் சைகை காட்டிவிட்டு ஓடினாள். அவன் செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஒரு கையில் மூடியும் ஒரு கையில் தண்ணீருமாக அப்பாவின் அறைக்குப் போனான். கொடுத்தான். அப்பா மூடியை அப்படியே வாயில் கவிழ்த்தார். அங்கே லிஃப்ட் இறங்கி அந்த அம்மா வெளியே வந்துவிட்டாள் என்று கேட்டதும் அவனுக்கு நல்ல மனநிறைவு. திரும்பி வந்து விரிப்பின் மேல் கிடந்த பேட்டரியைக் கடிகாரத்தில் பொருத்தினான், பின்மூடியை அழுத்தினான், நேரத்தைத் திருத்தினான். முள் ஓடியது. சொன்னேன்ல, ஒரு நிமிஷ வேலை என்றான்.

மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவும்போது அவள் கடிகாரத்தைச் சுவர்க்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தாள். மறுபடியும் பின்தங்கியிருந்தது. பரவாயில்லை, நாளைக்குக் கடையிலேயே குடுத்துடறேன் என்றாள். கடை என்ற சொல் அவனைச் சுட்டது. கத்தியை எடுத்து மறுபடியும் நெம்பினான். உள்ளே இருந்த பேட்டரியின் விளிம்பில் வெளுப்பாகக் களிம்பு பூத்திருந்தது. பழையதையே திரும்பப் போட்டிருக்கிறோம் என்று புரிந்து தலையில் தட்டிக்கொண்டான். அப்படியானால் புதியது?

விரிப்பை உதறினான். மேசைக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தான். குப்பைக்கூடையைக் கொட்டி விரலால் கிளறினான். மூடியிலதானே வெச்சேன், மூடியிலதானே வெச்சேன் என்று அவன் முணுமுணுத்தது சமையலறைக்குக் கேட்டிருக்க வேண்டும். எந்த மூடி என்று கேட்டுக்கொண்டே வந்த மனைவி, கேள்வியை முடிப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மூடி பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்ந்து கிடந்தது. அவன் அப்பாவின் அறைக்கு ஓடினான்.

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பசி இல்லை என்று மதியம் சாப்பிட வரவில்லை. வெயிலுக்கு மந்தமாக இருக்கும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் தலையணை உறை நனைந்திருப்பதைப் பார்த்தான். எச்சிலை விழுங்க முடியாமல் ஒழுகவிட்டிருக்கிறார். அதை மறைக்கத் துண்டை மடித்துக் கன்னத்துக்கடியில் வைத்திருந்தார்.

"அப்பா, காலைல மாத்திரையோட ஒண்ணு வேற மாதிரி இருந்துதா?"

அப்பா மெல்லத் திரும்பினார். பேசுவதற்கு முன்னால் துண்டால் வாயைத் துடைத்தார்.

"சில்லுன்னு இருந்துது. தகரத்தை நக்கின மாதிரி. புது மாத்திரைன்னு நினைச்சேன்."

"என்னன்னு கேக்க வேண்டியதுதானேப்பா?"

அப்பா அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை விலக்கிக்கொண்டார்.

கேட்கத் தெரியாத மனிதரா அவர்? சரக்குக் கிடங்கில் சரிபார்க்கும் வேலையில் தலை நரைத்தவர். எங்கிருந்து வந்தது, யார் கட்டியது, ஏன் முடிச்சு இடதுபக்கம் இருக்கிறது என்று கேட்காமல் ஒரு மூட்டையை உள்ளே விட்டதில்லை. கிடங்கில் அவருக்குக் கேள்விக்குறி என்று பட்டப்பெயர். வயதாகி முதுகு வளைந்தபோது, பேருக்கு ஏற்ற உடம்பு வந்துவிட்டது என்று அவரே சொல்லிக்கொண்டார். அதே வழக்கத்தில்தான் மாத்திரையையும் கேட்டார். இது எதுக்கு, நேற்று இது இல்லையே, வட்டமாக இருந்தது இன்றைக்கு ஏன் நீளமாக இருக்கிறது என்று தினமும் கேட்டார். மூடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மங்கின கண்ணால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் இருவருக்கும் உயிர் போகும். போன மழைக்காலத்தில் ஒருநாள், முந்தின இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுக் கண் எரியத் திரும்பியவன் கத்திவிட்டான். ஒவ்வொரு மாத்திரைக்கும் உனக்கு ஜாதகம் சொல்லிட்டிருக்க முடியாது, குடுத்தா கேள்வி கேக்காம முழுங்கு, நாங்க என்ன விஷமா வெக்கறோம் என்று கத்தினான். அப்பா மூடியை வாயில் கவிழ்த்துக்கொண்டார். அன்றோடு கேள்வி நின்றது. மாத்திரைக்கு மட்டுமல்ல, சாப்பாட்டுக்கும், யார் வந்தது போனது என்பதற்கும் நின்றது. வீடு அமைதியாக இருந்தது. அப்பா திருந்திட்டார் என்று அவன் மனைவியிடம் சொன்னான். அவளும் ஆமாம் என்றாள். அந்த அமைதியில் இருவரும் எவ்வளவு சுகமாக இருந்தார்கள் என்று இப்போது நினைக்க அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

வாடகைக் காரில் அப்பாவை நடுவில் உட்காரவைத்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் தலைக்குப் பின்னால் குரலை அடக்கிச் சண்டை போட்டார்கள். மருந்து மூடியில் யாராவது பேட்டரியை வைப்பார்களா என்றாள் அவள். மாத்திரையைப் போடுகிறவள் கண்ணை எங்கே வைத்திருந்தாய் என்றான் அவன். கையில் கொண்டுபோய்க் கொடுத்தது யார் என்று அவள் கேட்டதும் அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே இருக்கையில் உட்கார்ந்திருந்தன. அவள் அழுதுகொண்டே, வலிக்குதா மாமா என்று கேட்டாள். இல்லை என்று அவர் தலையசைத்தார். கார் இரண்டு தெரு தாண்டிய பிறகு, யாரும் கேட்காமலேயே, ஆமாம் என்று தலையசைத்தார்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார்கள். நெஞ்செலும்புகளுக்கு நடுவே அப்பழுக்கில்லாத வெள்ளை வட்டம். உடம்புக்குள் இருக்கிற எதுவும் அவ்வளவு வட்டமாக இருப்பதில்லை. உணவுக்குழாயில் அந்த இடம் வயதால் முன்பே குறுகியிருக்கிறது, அங்கே சிக்கிக்கொண்டது என்றார் பெண் மருத்துவர். அவன் வயதுதான் இருக்கும் அவருக்கு. வயிற்றுக்குப் போயிருந்தால் பெரும்பாலும் தானாக வெளியேறியிருக்கும். ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டால் சுற்றியுள்ள சதையை அரிக்கும், புதிய பேட்டரி என்றால் இன்னும் வேகமாக. பழைய பேட்டரியா புதியதா என்று கேட்டார். பழசு என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லிவிட்டால் அதுவே உண்மையாகிவிடும் என்று ஒரு கணம் நம்பினான்.

"புதுசு" என்றான்.

மருத்துவரின் பேனா நின்றது. குழாய் விட்டு எடுக்க வேண்டும், உடனே எடுக்க வேண்டும், உள்ளே எவ்வளவு அரித்திருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும், ஓட்டை விழுந்திருந்தால் இந்த வயதில் கஷ்டம் என்று மறைக்காமல் சொன்னார். பிறகு அப்பாவிடம் குனிந்து, காலையில் முழுங்கியதற்கு இவ்வளவு நேரம் ஏன் சொல்லாமல் இருந்தீர்கள், முழுங்கும்போதே தெரியவில்லையா என்று கேட்டார்.

அவன் தரையைப் பார்த்தான். மனைவி அவனைப் பார்த்தாள். அப்பா துண்டில் எச்சிலைத் துப்பிவிட்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தார்.

"வயசாச்சும்மா. எனக்குத்தான் கவனம் இல்ல. புள்ள எல்லாம் பாத்துப் பாத்துதான் குடுக்கறான்."

மருத்துவர் நம்பினாரா தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவனுக்கு அங்கேயே அப்பாவின் காலில் விழ வேண்டும் போலிருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். கிடங்கில் ஒரு பொய்க் கணக்கைக்கூட ஏற்றுக்கொள்ளாதவர், அவனுக்காக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் களைத்துப்போய்க் கண்ணை மூடினார்.

திரைத்துணி போட்ட தடுப்புக்குள் அப்பாவைப் படுக்கவைத்துச் சட்டையை மாற்றினார்கள். ஒரு கையில் ஊசி ஏற்றி, அசைக்காமல் இருக்கச் சொன்னார்கள். கையெழுத்துப் போட மனைவியை எங்கோ கூட்டிப்போனார்கள். அவன் அப்பாவின் பாதங்களைப் பிடித்துக்கொண்டு நின்றான். குளிர்ந்திருந்தன. எதையாவது பேச வேண்டும். மன்னிச்சிடுப்பா என்பது வாய்க்குள் வந்து வந்து போயிற்று. அதைச் சொல்லிவிட்டால் ஏதோ விடைகொடுப்பதுபோல் ஆகிவிடுமோ என்று பயந்தான்.

செவிலிப் பெண் அவசரமாக வந்தாள். சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் கூழ் மாதிரி எதையோ அவன் கையில் கொடுத்தாள். இதைத் தொண்டையில் கொஞ்ச நேரம் வைத்திருந்து மெதுவாக விழுங்கச் சொல்லுங்கள் என்றாள். இது என்ன மருந்து சிஸ்டர் என்று அவன் கேட்பதற்குள் அடுத்த தடுப்பில் யாரோ கூப்பிட, போய்விட்டாள். கிண்ணத்தை முகர்ந்தான். வாசனையில் ஒன்றும் பிடிபடவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். நிறமில்லாமல் கொழகொழவென்று இருந்தது. குழாய் விடுவதற்கு முன்னால் தொண்டை மரத்துப்போவதற்காக இருக்கும் என்று நினைத்தான். இருக்கும் என்பது போதுமா?

தடுப்பை விலக்கி, யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தான். வரிசையாகக் கட்டில்கள்தான். எல்லாரும் எங்கோ வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். திரும்பி அப்பாவிடம் குனிந்தான்.

"அப்பா, மருந்து குடுத்திருக்காங்க. தொண்டைக்குன்னு நினைக்கிறேன். நான் போய்க் கேட்டுட்டு வந்துடறேன். நீ அவசரப்படாத."

அப்பா கண்ணைத் திறந்தார். கிண்ணத்தைப் பார்க்கவில்லை, அவன் கையைப் பார்த்தார்.

"நீ கேளுப்பா. இது என்னன்னு ஒரு தடவை கேளு" என்று அவன் கெஞ்சினான்.

அவன் குரல் உடைந்து அடுத்த தடுப்பு வரை கேட்டது. அப்பா ஊசி ஏற்றாத கையால் துண்டை எடுத்து வாயோரத்தைத் துடைத்துக்கொண்டார். தலையணையில் தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அவனுக்காக வாயைத் திறந்து வைத்தார்.