பெரியக்கா மேடு

ஸ்கூட்டரின் ஷாக் அப்சார்பரைத் தரையில் நிமிர்த்தி வைத்து, மேல்முனையில் இரண்டு உள்ளங்கைகளையும் கொடுத்து, அவள் உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கி அழுத்தினாள். ஸ்பிரிங் அசைந்து கொடுக்கவில்லை. உதிரிபாகக் கடைக்காரர், தானே உள்ளே உட்கார்ந்து தாங்கிக்கொண்டிருப்பதுபோல் பெருமையாகப் பார்த்தார்.

"பாத்தீங்களாக்கா? கல்லு மாதிரி நிக்கும். கேஸ் ஷாக். பசங்க எல்லாம் இதைத்தான் கேட்டு வாங்குறாங்க."

"கல்லு ஏற்கெனவே வண்டியில இருக்கு தம்பி. அதை மாத்தத்தான் வந்திருக்கேன்."

சிவப்பு ஸ்பிரிங், பக்கவாட்டில் தங்க நிறத்தில் கேஸ் அடைத்த ஒரு குப்பி. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்திருந்த அவள் கணவர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"அதைக் கழுத்துல மாட்டிக்கிட்டுக் கல்யாணத்துக்கே போகலாம்" என்றார்.

நோய் அவருடைய முதுகெலும்பில் இருந்தது. வாரத்துக்கு ஒரு ஊசி. மூடிய வண்டி எதில் ஏற்றினாலும் தெருமுனை தாண்டுவதற்குள் வாந்தி எடுத்து ஓய்ந்துவிடுவார், அதனால் ஆஸ்பத்திரிக்கு ஸ்கூட்டர்தான். அவரால் பிடிமானமாக உட்கார முடியாததால் இருவரையும் சேர்த்து ஒரு அகலமான பெல்ட் போட்டுக்கொள்வார்கள். அதுவரை எல்லாம் சமாளிக்க முடிந்தது. ஆனால் பின்சக்கரத்தின் பழைய ஷாக்கில் எண்ணெய் ஒழுகிப்போய்விட்டது. சாலையில் இருந்த ஒவ்வொரு வேகத்தடையும் நேராக அவர் முதுகில் ஏறி இறங்கியது. போன வாரம் வீட்டு வாசலில் இறங்கியதும், வியர்வையைக்கூடத் துடைக்காமல் சொல்லிவிட்டார்.

"இத்தோட சரி. ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம். இந்த ரோட்ல இனிமே நான் வர மாட்டேன்."

ஊசி நின்றால் நாட்களை எண்ணத் தொடங்கலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். போட்டுக்கொண்டே போனால் ஒரு வருஷம் ஓடலாம், அதற்கு மேலும் ஓடலாம். அந்த வாரம் முழுக்க அவள் கெஞ்சினாள், கோபித்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். கடைசியில் ஒரு உடன்பாடு வந்தது. புது ஷாக் போடுவது. அவரே உட்கார்ந்து பார்ப்பது. வலிக்காவிட்டால் நாளைக்கு ஊசிக்கு வருவது. வலித்தால் அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுக்கக் கூடாது.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"கேஸ் ஷாக் உங்களுக்கு வேணாங்க்கா. அது ரெண்டு தடியனுங்க உக்காந்து பறக்குறதுக்கு. எடை கம்மியா இருந்தா அது அமுங்கவே அமுங்காது, குலுக்கல் எல்லாம் உடம்புக்குத்தான் வரும். நீங்க எவ்வளவு இருப்பீங்க?"

அவள் தன் எடையைச் சொன்னாள்.

"சார்?"

அவள் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஒரு காலத்தில் அவர் ஏறி உட்கார்ந்தால் ஸ்கூட்டரின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும் என்று வீட்டில் கேலி உண்டு.

"என்னைவிடக் கம்மி" என்றாள்.

மெக்கானிக் மேலே ஒன்றும் கேட்காமல் அலமாரியின் அடித்தட்டிலிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்தான். அலங்காரம் எதுவும் இல்லாதது. ஸ்பிரிங்கின் கம்பி மெலிதாக இருந்தது. பழைய ஷாக்கின் பக்கத்தில் வைத்து நீளம் ஒன்றுதானா என்று பார்த்தான். நீளம் கூடினால் இருக்கை முன்னால் சரியும், சார் உங்க மேல வந்து விழுவாரு என்று சொல்லிக்கொண்டே அடியிலிருந்த வளையத்தைத் திருகி இருப்பதிலேயே இளக்கமான நிலையில் வைத்தான். அவள் வாங்கி அழுத்தினாள். அது இறங்கியது. காதை அருகில் கொண்டுபோய் இன்னொரு முறை அழுத்தினாள்.

மின்விசிறித் தொழிற்சாலையில் கடைசி மேஜை அவளுடையது. வருகிற ஒவ்வொரு விசிறியையும் ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். சத்தம் வந்தால் ஒதுக்க வேண்டும். வராவிட்டால் இன்னொரு தடவை ஓடவிட வேண்டும், சில விசிறிகள் முதல் தடவை நல்ல பிள்ளையாக நடித்துவிடும். இரண்டாவது தடவையும் சத்தம் இல்லையென்றால் தேறியது என்று அர்த்தம். வருஷக்கணக்காக அதையே செய்ததில் வீட்டில் மிக்சி, கதவு, கணவர் எல்லாவற்றையும் அவள் காதால்தான் சரிபார்ப்பாள்.

"இதையே போடு" என்றாள்.

மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட். வேலை சீக்கிரம் முடிந்தது. அவளும் மெக்கானிக்கும் சேர்ந்து அவரைப் பின்னால் ஏற்றினார்கள். பெல்ட்டின் கொக்கியை அவள் தன் வயிற்றருகே மாட்டினாள். அவர் கன்னத்தை அவள் தோளில் வைத்துக்கொண்டார்.

"தொழிற்சாலைக்குப் போற மாதிரி ஓட்டாத. கல்யாணப் பொண்ணைக் கூட்டிட்டுப் போற மாதிரி ஓட்டு."

"வாயை மூடிட்டு வாங்க. காத்து உள்ள போகும்."

அந்த வட்டாரத்து வேகத்தடைகளுக்கெல்லாம் அவர் உறவுமுறை வைத்திருந்தார். வங்கி வாசலில் இருப்பது கொழுந்தியாள். சின்னது, ஆனால் எதிர்பாராமல் வரும். மருந்துக்கடை முன்னால் இருப்பது சகலை, அகலமும் அசட்டுத்தனமும். பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். அதற்குப் பெரியக்கா என்று பெயர், அதாவது அவளுடைய பெரியக்கா. அதில் ஏறி இறங்கும்போது அவர் ஒருமுறைகூட முனகாமல் இருந்ததில்லை. நோய் வருவதற்கு முன்பேகூட.

கொழுந்தியாள் வந்தாள். அவர் 'ம்' என்றார். வலியில் சொல்லும் 'ம்' அல்ல என்பது அவளுக்குத் தெரிந்தது.

"அடுத்தது சகலை வர்றாரு" என்றாள் திரும்பாமலே.

வண்டி ஏறி இறங்கியது.

"இருக்கான், இருக்கான்" என்றார் அவர், மூச்சு வாங்கி. "ரொம்ப அடக்க ஒடுக்கமா ஆயிட்டான்."

அவள் சிரித்துவிட்டாள். சாலை நேராகப் போனது. அவர் தலை தோளில் இன்னும் கொஞ்சம் பாரமாக அழுந்தியது. மருந்து சாப்பிட்டால் அவர் இப்படித்தான் உட்கார்ந்தபடியே கண்ணயர்வார்.

"பெரியக்கா வந்தாச்சு. கெட்டியா பிடிச்சுக்குங்க."

வேகத்தைக் குறைத்து முன்சக்கரத்தை ஏற்றினாள். பின்சக்கரம் ஏறியது, இறங்கியது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். முனகல் வரவில்லை.

நம்ப முடியாமல் சற்று தூரம் போய் வண்டியைத் திருப்பினாள். இன்னொரு தடவை பார்க்காமல் எதையும் தேறியது என்று விட்டு அவளுக்குப் பழக்கமில்லை. இந்த முறை வேகத்தைக்கூட அவ்வளவாகக் குறைக்கவில்லை. ஏறி இறங்கியது. அப்போதும் அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இத்தனை மாதங்களில் அவள் செய்த ஒரு காரியம் அவள் நினைத்தபடி நடந்திருக்கிறது.

"அப்போ நாளைக்கு வர்றீங்க. பேச்சு பேச்சா இருக்கணும்."

பதில் இல்லை. அவர் தோற்றுப்போனதை வாயால் ஒப்புக்கொண்டதாகச் சரித்திரம் கிடையாது. பேசாமல் இருந்துவிடுவார், அதுதான் சம்மதம். அவள் அவரை மேற்கொண்டு சீண்டவில்லை. நாளைக்குச் சீக்கிரம் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம், வண்டி ஓட்டவும் அலுப்புத் தெரியாது என்று கணக்குப் போட்டபடி ஓட்டினாள்.

கடை வாசலில் வண்டியை நிறுத்திக் கால்களை ஊன்றிக்கொண்டாள்.

"எப்படிங்க்கா?" என்று மெக்கானிக் எழுந்து வந்தான்.

"பிரமாதம் தம்பி. பெரியக்காவைத் தாண்டினோம், ஒரு வார்த்தை பேசல. தூங்கிட்டாரு."

அவன் ஷாக்கைப் பார்க்கக் குனிந்தான். குனிந்தவன் அப்படியே இருந்தான். அவருடைய வலது காலில் செருப்பு இல்லை. கால் மிதியிலிருந்து நழுவி, கட்டைவிரல் ரோட்டில் உரசித் தோல் உரிந்திருந்தது. அவ்வளவு உரிந்தும் ரத்தம் கொஞ்சம்தான் வந்திருந்தது.

அவன் எழுந்து கையை நீட்டிச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான்.

"அக்கா, அசையாதீங்க."

"ஏன், போல்ட் லூசா இருக்கா?"

அவன் கையைச் சட்டையில் இரண்டு தடவை துடைத்துவிட்டு அவருடைய கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு மூக்கின் அடியில் விரலை வைத்தான். கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் திரும்பிப் பார்க்க முயன்றாள், பெல்ட் விடவில்லை. அவளுக்குப் பயம் வந்தது. அதற்குப் பின்னால்தான் புரிந்தது.

ஒரு பஸ் கடந்து போனது.

"பெரியக்கா மேட்டுல ரெண்டு தடவை ஏத்தி இறக்கினேன்" என்றாள் அவள். "ரெண்டாவது தடவை வேகமா."

"அவருக்கு வலிச்சிருக்காதுங்க்கா" என்றான் மெக்கானிக்.

அவள் கைகள் வயிற்றருகே போயின. கொக்கியைத் தேடினாள். விரல்களுக்கு அது கிடைத்தும் கழற்ற வரவில்லை. அவன் உதவ வந்தபோது வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, தானே கழற்றினாள். கடைக்காரர் ஒரு பக்கமும் மெக்கானிக் ஒரு பக்கமுமாகக் கைகொடுத்து, தலை தொங்கிவிடாமல் பிடித்து, அவரைத் தூக்கினார்கள்.

பின்னாலிருந்த பாரம் நீங்கியதும் ஸ்பிரிங் விரிந்து, அவள் உட்கார்ந்திருந்த இருக்கை அவளையும் சேர்த்து மெல்ல மேலே உயர்ந்தது. குலுங்காமல் நின்றது. அவள் கைப்பிடியை விடவில்லை.