பொதுச் சுவரும் நான்கு தொனியும்

1

“ஒம் பொண்ணு ஸ்வரம் வெச்சுச் சொல்றாளாக்கும், பாகீரதி. இந்தத் தெருவிலே இது நடக்கப்படாது.”

கதை இப்படித் தொடங்குவதற்கு நான் பொறுப்பில்லை. கரமனையில் என் வீட்டுக்கு நேர் எதிரே, பாகீரதியின் வாசலில் நின்று, வேதம் சொல்லிக்கொடுக்கும் ஸ்ரீகண்டன் கத்திய வாக்கியம் இது. நான் பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்தேன். (பால் அதற்கு முன்பே காய்ந்து காப்பியும் ஆகியிருந்தது. வாசகரிடம் எதற்கு ஒளிப்பானேன்?)

2

முதலில் வேறு மாதிரித்தான் எழுதினேன்: ‘கரமனை ஆற்றின் மேல் இளவெயில் மெல்லப்’

வேண்டாம். வெயிலுக்கும் சண்டைக்கும் சம்பந்தமில்லை. சுவருக்கு உண்டு. எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். பாகீரதியின் மகள் ஸ்நேகா வாய் திறந்தால் பக்கத்து வீட்டு ஸ்ரீகண்டனுக்குக் கேட்கும். அவள் ஒரே அசையை உயரத்தில் நீட்டினாள், பிறகு ஏற்றினாள், தாழ்த்தி எழுப்பினாள், படாரென்று இறக்கினாள். ஜன்னலில் ஒட்டிய தாளில் எழுத்துகளின் தலைமேல் கோடுகள் வேறு. ஸ்வரக்குறி போட்ட புத்தகத்தோடு காலம் தள்ளுகிறவர் என்ன நினைப்பார்? பெண் வேதம் ஓதுகிறாள். தீர்ந்தது.

3

அது சீனம். ஆங்கில எழுத்தில் எழுதிய சீனம். அதில் ஒரே அசைக்கு நான்கு தொனி, நான்கு அர்த்தம். தலைக்கோடுதான் தொனியைக் காட்டும்.

“எழுத்து இங்கிலீஷ்தான் மாமி, ஆனா இங்கிலீஷ் வாயோட படிச்சா போச்சு” என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். ‘க்யூ’ எழுத்தைக் கண்டால் நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லில் முட்டி, காற்றோடு ‘ச்சி’ என்று விட வேண்டுமாம். (நானும் கண்ணாடி முன் நின்று செய்து பார்த்தேன். கண்ணாடியைத் துடைக்க வேண்டியதாயிற்று.)

திங்கட்கிழமை, ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் இருக்கும் கம்பெனி ஒன்றில் அவளுக்குப் பேச்சுத் தேர்வு. தேறினால் சிங்கப்பூரில் வேலை. வாய்விட்டுச் சொல்லாமல் தொனி படியாது. மனசுக்குள் சொல்லும்போது யாருக்குத்தான் தப்பு வந்திருக்கிறது?

4

விஷயம் தெரிந்ததும் ஸ்ரீகண்டன் முகம் தெளிந்தது.

“சீனமா? அதை முதல்லயே பறயப்படாதோ. சொல்லிக்கோ, சொல்லிக்கோ.”

இங்கே நிறுத்தினால் நல்ல சிரிப்புக் கதை. பாகீரதியும் அதைத்தான் விரும்பினாள். அவருக்குக் காப்பி கலக்கத் திரும்பிவிட்டாள். என் கதாபாத்திரம் ஸ்நேகாதான் ஒத்துழைக்கவில்லை.

“வேதமா இருந்தா, மாமா?”

“பொம்மனாட்டிகள் சொல்லப்படாது. அது வேற.”

“அப்போ நீங்க தர்ற சம்மதம் எனக்கு வேண்டா. நான் கேக்கவும் இல்லை. திங்கக்கிழமை வரைக்கும் இதைச் சொல்லுவேன். அப்பறம் தோணித்துன்னா அதையும் சொல்லுவேன்.”

பாகீரதி கையைப் பிடித்து இழுத்தாள். ஸ்நேகா உதறிவிட்டு ஜன்னலுக்குப் போனாள். இரண்டு கதவையும் விரியத் திறந்து, நான்காம் தொனியில் ஆரம்பித்தாள். வெட்டுக்கத்தி மாதிரி இறங்கும் தொனி அது. ஸ்ரீகண்டன்

(இதை முடிக்க வரவில்லை. கோபித்தார் என்றால் பொய். தோற்றார் என்றால் அது என் ஆசை. வேஷ்டியைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குப் போனார், அவ்வளவுதான் பார்த்தேன். அவர் வாசலில் மகள் ஆஷா நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள், பால் பாக்கெட் சாக்குகூட இல்லாமல்.)

5

ஸ்நேகா தேறினாள், சிங்கப்பூர் போனாள். பின்னாலேயே பாகீரதியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள். ‘தெரு அமைதியாயிற்று’ என்று முடித்துவிட்டுப் பேனாவை மூடினேன். பொய்யெழுத்து. அடித்துவிட்டேன்.

ஏனென்றால் சுவரின் மறுபக்கம், ஸ்ரீகண்டன் வீட்டுக்குள்ளேயே, ஒரு பெண்குரல் ஏறி இறங்கத் தொடங்கியது. ஆஷாதான். அவர் காதில் விழாமல் இருக்க வழியில்லை. யார் வாசலிலும் போய் அவர் கத்தவில்லை.

சீனமா, வேதமா? தெருவில் பாதிப்பேருக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். ஊர் விஷயத்தில் நான் வாயை மூடிக்கொண்ட ஒரே இடம் இதுதான், கெஞ்சினாலும் நடக்காது. எதுவாக இருந்தால் நீங்கள் தடுக்க எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டுவீர்களோ, கதையின் முடிவை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஷா இந்தச் சித்திரையில் வாக்கப்பட்டு நாகர்கோவில் போய்விட்டாள். தனி வீடாம். யாரோடும் சுவர் சேரவில்லை, நாலு பக்கமும் ஜன்னல். (விசாரித்துவிட்டேன். எல்லாம் திறந்துதான் இருக்கிறதாம்.)